வரிசையின் கடைசிப் பானை

எனக்குச் சோறு போடுவது செத்துப்போன வெள்ளைக்காரர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்னமனூரில் மேகமலைக்குப் பிரியும் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில், ஒற்றை அறையில் உட்கார்ந்து, அமெரிக்காக்காரர்களின் குடும்ப வரலாறுகளைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். மதுரையில் உள்ள ஒரு கம்பெனி வழியாக வேலை வருகிறது. யாருக்கு யார் மகன், எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குப் போனார், எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் கையெழுத்துப் பக்கங்களாகப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் அவற்றைக் கிளை கிளையாகப் பிரித்துப் போடவேண்டும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரார் வம்சத்தையே வளர்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை.

காலையில் கணினியைத் திறந்தால், கீழ்வீட்டு மிக்ஸி ஓடுவதும், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் சாயங்காலம் திரும்பி வருவதும்தான் எனக்குக் கேட்கும் மனிதச் சத்தம். நடுவில் உள்ள நேரத்தில் நான் பேச ஆள் கிடையாது. சில நாள் பால்காரரிடம் சொன்ன "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்பதே அன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும். பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்வேன். பழகவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு கிழவரின் குடும்ப வரலாறு வந்தது. மனிதர் சாமானிய ஆள் இல்லை. தன் வம்சத்தைப் பழைய இஸ்ரவேலரின் ஆசாரியர்களிடமிருந்து தொடங்கியிருந்தார். முதல் ஆசாரியர், அவர் மகன், அவர் மகன் என்று ஒரு முழுப்பக்கம். அதற்குப் பிறகு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், மாட்டுவண்டியில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே காட்டுநிலம் தேடிப் போன ஒரு விவசாயி நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கிழவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவர் மனதார நம்பினார். பக்கத்து ஓரங்களில் அவர் எழுதியிருந்த குறிப்புகளில் அது தெரிந்தது.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கதையும் அச்சாக இதே மாதிரிதான். எங்கள் சாமி ஆகாயத்திலிருந்து இறங்கியது. அடுத்த வரியில் என் பூட்டன், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறார். பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் பாய்கிறது என்று கேள்விப்பட்டு வந்தாராம். வரும்போது பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணும், சாமியின் உடைமைகள் வைத்த பெட்டியும் எடுத்து வந்தார். மலையடிவாரத்தில் பிடிமண்ணைப் போட்டுப் புதுக்கோயில் கட்டினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தலையில் சுமக்கும் பூசாரி உரிமை எங்கள் வீட்டு ஆண்களுக்கு. அந்த மண்ணில் நமக்கு முன்னாலேயே மலைவாசிகளான பளியர்கள் இருந்தார்களே என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. கிழவரின் வரலாற்றிலும், அந்தக் காட்டுநிலத்தில் முன்பே இருந்தவர்களுக்கு அரை வரிதான்.

அவருடைய ஆசாரியர்களும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். தண்டு கோத்துத் தோளில்தான் சுமக்கவேண்டும், வண்டியில் ஏற்றக்கூடாது, வேறு கோத்திரத்தார் தொடக்கூடாது. எங்கள் பெட்டியையும் வண்டியில் ஏற்றமாட்டார்கள். என் தம்பி வீட்டில் டிராக்டரும் இருக்கிறது, லோடு வண்டியும் இருக்கிறது. பெட்டி மட்டும் இன்றைக்கும் தலையில்தான் போகிறது.

கிழவரின் பக்கங்களில் ஒரு செய்தி என்னை நாள் முழுக்க உட்கார்த்தி வைத்துவிட்டது. அந்த ஜனங்கள் பிறதேசத்தில் அடிமைப்பட்டுக் கிடந்து, ஒருவழியாக ஊர் திரும்புகிறார்கள். யார் யார் ஆசாரியர் வீடு என்று பார்க்கிறார்கள். சில வீட்டார் வம்ச ஏட்டில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அதில் ஒரு வீட்டின் முன்னோர் மாமனார் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டவராம். பெயர் இல்லாதவர்களை விலக்கிவைத்தார்கள். அடிக்கவில்லை, ஊரைவிட்டுத் துரத்தவில்லை. படையலில் மட்டும் பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

எங்கள் கோயிலில் மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் பகலில் பொங்கல். பங்காளிகளில் ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பானை. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண், அவன் குடும்பம். புருஷன் செத்தவளுக்கு மகன் இருந்தால், அந்தப் பயல் தொட்டிலில் கிடந்தாலும் அவன் பெயரில் பானை உண்டு. மகன் இல்லாதவள் கொழுந்தன் பானையில் ஒண்டிக்கொள்ளலாம். பெட்டி சுமந்த பூசாரி செத்துப்போனால்கூட, அடுத்து வரும் ஒரு மாசிக்கு மட்டும் அவர் பெயரில் கடைசியாக ஒரு பானை உண்டு. உயிரோடு இருக்கிற என்னைப் போன்றவளுக்குத்தான் வழி இல்லை.

என்னைக் கோம்பையில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் நாய் வளர்த்து விற்பார்கள். குட்டி வாங்க எங்கெங்கிருந்தோ கார் போட்டு வருவார்கள். வந்தவர்கள் முதலில் கேட்பது, தகப்பன் எது, தாய் எது, தாய்க்குத் தாய் எது என்றுதான். என் மாமனார் திக்காமல் திணறாமல் சொல்வார். அந்த வீட்டில் தாய்வழியைக் கேட்டது நாய்களுக்கு மட்டும்தான். எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்று பேச்சு தொடங்கி, பேச்சு முற்றி, பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். அந்த மாசிக்கு என் கையில் அரிசிக் கூடையைக் கொடுத்து, "எம் மக அரிசி போடட்டும்" என்றார். அதற்குப் பிறகு வருடாவருடம் அப்பாவின் பானையில் நான்தான் அரிசி போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா பின்னால் நிற்கும்போது யார் கேட்பார்கள்?

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா போன ஐப்பசியில் போனார். கருமாதி முடிந்தால் தீட்டுக் கழிந்தது, சாமி காரியம் நிற்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தம்பி பெட்டிக்கு வாரிசானான். தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாழைத்தார் வெட்டினால் முதல் சீப்பு எனக்கு வரும். ஆனால் அவன் பானை அவன் பெண்டாட்டி பிள்ளைகளுடைய பானை. அதில் அரிசி போட அவன் மகள் இருக்கிறாள்.

தை மாதம் அவன் வாழைப்பழம் கொடுக்க வந்தபோது, எனக்குத் தனிப்பானை வேண்டும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். பெரியப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். பங்காளிகளில் மூத்த தலைக்கட்டு. பானைகளை எண்ணுவதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவர்தான். அடுத்த வாரம் தம்பி ஒரு சீப்புப் பழத்தோடு திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, கேட்டேன். அப்பிடி ஒரு வழக்கம் இல்லைனு சொல்லிட்டாக."

"இருந்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?"

"பொம்பளப் பிள்ளைக்குத் தனிப்பானை வச்சா, இது எந்த வீட்டுப் பானைனு சாமி கேக்கும்னாக."

"சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்டா."

"நீ சொல்லிருவ. பெட்டி எந்தலையில இருக்கு, நானுல்ல பதில் சொல்லணும். மொத வருசம்க்கா. ஏதாச்சும் ஒண்ணு பெசகாப் போச்சுன்னா, இவன் தலைக்குப் பெட்டி ஆகலைம்பாக." வாசல்வரை போய்த் திரும்பி, "நம்ம பானையில ஒரு கை அரிசி நீயும் போடு. வேணாம்னு யாரு சொல்லப்போறா?" என்றான்.

ஒரு கை அரிசி. நல்ல மனதோடுதான் சொன்னான். அவன் படியிறங்கிப் போனபிறகு எனக்கு வந்த கோபத்தில், அவன் கொண்டுவந்த பழத்தை மூன்று நாள் தொடவில்லை. கறுத்துப்போன பிறகு தெருவில் வந்த பசுவுக்குப் போட்டேன். பசு என்ன பாவம் செய்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அதே வாரம் கிழவரின் கடைசிப் பக்கங்கள் வந்தன. அவருடைய கொள்ளுப்பாட்டனுக்கு ஒரு தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்தக் காலத்தில் அங்கே காட்டுநிலத்தை உழுது குடியிருந்தால் சொந்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். புருஷனோடு வாழ்கிறவள் தன் பெயரில் கேட்கமுடியாது, புருஷன்தான் தலை. ஆனால் புருஷன் இல்லாதவள் கேட்கலாம். விட்டுவிட்டுப் போனாலும் சரி, செத்துப்போனாலும் சரி, கட்டிக்கொள்ளவே இல்லை என்றாலும் சரி. இவள் கேட்டிருக்கிறாள். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி ஒரு குடிசை கட்டிக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வீடு இல்லாத இடத்தில் தனியாகக் கிடந்திருக்கிறாள். நிலம் அவள் பெயரில் பதிவானது. அவளும் ஒரு தலைக்கட்டு. அவளைப் பற்றிக் கிழவர் எழுதியிருந்தது கொஞ்சம்தான். கடைசியில், வாரிசு இல்லை, இந்தக் கிளையை முடித்துவிடவும் என்று எனக்குக் குறிப்பு. முடித்தேன். அது என் வேலை. அந்த ஊர்ப் பனிக்காலத்தில் அவள் யாரிடம் பேசியிருப்பாள்? பால்காரர்கூட வந்திருக்கமாட்டார்.

மறுநாள் கடைவீதிக்குப் போய் ஒரு மண்பானை வாங்கினேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் பானையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். உத்தமபாளையம் தாண்டினால் கோம்பை. கோம்பை வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பானைக்குள் அரிசி, வெல்லம், கொஞ்சம் பாசிப்பருப்பு. பக்கத்தில் இருந்த பெண், "சாமி கும்புடப் போறீகளா? வீட்டுல எல்லாரும் முன்னாடி போய்ட்டாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாதி உண்மைதானே.

கோயில் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில். நான் போனபோது பெட்டி ஏற்கெனவே வந்து சேர்ந்து சாமி முன்னால் இறங்கியிருந்தது. தம்பி அரையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு நின்றான். பெட்டி சுமந்த அழுத்தத்தில் நெற்றியில் கோடு விழுந்திருந்தது. அப்பாவுக்கும் அப்படி விழும். பானைகளை அடுப்புக் கற்களில் ஏற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். பூசாரி பானை முதலில், பிறகு மூத்தவர் இளையவர் கணக்கில் நீண்டு ஓடை வரைக்கும் போயிற்று. நான் யாரையும் கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் மூன்று கல் எடுத்துப் போட்டு என் பானையை வைத்தேன். கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. தம்பி அங்கிருந்து பார்த்தான். வண்டி நிறுத்தியிருந்த புளியமரத்துப் பக்கம் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றான்.

எண்ணாமல் தீ மூட்டமாட்டார்கள். பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு பானையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பானைக் கணக்கும் தலைக்கட்டுக் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெட்டி திறக்காது. அவர் நெருங்கி வந்தார். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. அவர் கம்பு என் பானையைத் தொட்டது. ஒரு வினாடி நின்றார். என்னைப் பார்த்து, "வாத்தா" என்றார். திரும்பி, சத்தமாக, "கணக்குச் சரியா இருக்கு" என்றார்.

என் காதை என்னால் நம்பமுடியவில்லை. எனக்கும் சேர்த்துக் கணக்குச் சரியாக இருக்கிறது. அப்படியானால் தம்பி பேசியிருக்கிறான். என்னிடம் சொல்லாமல் பேசிச் சேர்த்திருக்கிறான். அவன் கொண்டுவந்த பழத்தைப் பசுவுக்குப் போட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பூசாரி அடுப்பில் மூட்டிய தீயைப் பனையோலையில் வாங்கி, ஒருவர் அடுப்பிலிருந்து அடுத்தவர் அடுப்புக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பங்காளி, கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், எரிகிற ஓலையை என் பக்கம் நீட்டினார். வாங்கி வைத்தேன். சுள்ளி உடனே பிடித்துக்கொண்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கோயிலில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. புகையில் கண் எரிந்தபோதும், துடைத்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொங்கி வழிந்தபோது பக்கத்துப் பெண்கள் எனக்கும் சேர்த்துக் குலவை போட்டார்கள். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. நல்ல சகுனம் என்று ஒருத்தி சொன்னாள்.

பெட்டி திறந்து, கிடாய் வெட்டி, படையல் முடிந்து, பங்கு கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா பானை வரிசைப்படி ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போய்த் திருநீறும் தேங்காய் மூடியும் கறிப்பங்கும் வாங்கவேண்டும். முதலில் தம்பி பெயர். புதுப்பூசாரி என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். என் முறை கடைசி. என் பெயரை அந்த இடத்தில் அவர் வாயால் கேட்கப்போகிறேன் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். திராட்சைத் தோட்டக்காரர் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

பெரியப்பா அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கு உடனே புரியவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. செத்தவர் பெயரைச் சொல்லும்போது அப்படித்தான் அமைதியாவார்கள். பிறகு புரிந்தது. செத்த பூசாரிக்கு ஒரு வருடம் உண்டு என்ற அந்தக் கடைசிப் பானை. வரிசையில் வேறு எங்கும் அது இல்லை. தம்பி வைக்க மறந்திருக்கிறான். என் பானையைத்தான் அப்பா பானை என்று எண்ணியிருக்கிறார்கள். அதனால்தான் கணக்குச் சரியாக இருந்தது.

தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இது என் பானை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்குப் பானை இல்லை, கணக்குப் பொய், பெட்டி திறந்தது தப்பு, பெற்ற தகப்பனுக்குப் பானை வைக்க மறந்தவன் தலைக்கு இந்தப் பெட்டி ஆகாது என்று அங்கேயே முடிந்துபோகும். பெரியப்பா இரண்டாவது முறை கூப்பிட்டார். "மக இருக்காள்ல, வாத்தா, வந்து வாங்கிக்க" என்றார்.

போனேன். அப்பாவின் பெயருக்கு நடந்து போய்க் கையை நீட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது. அழுதால் அப்பாவை நினைத்து அழுகிறாள் என்பார்கள். அதனால் அழுதேன். அப்படியே சொன்னார்கள்.

சாயங்காலம் சாமான்களை ஏற்றும்போது, தம்பியின் லோடு வண்டிக்குப் பின்னால் நின்று என் பானையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். இடம் தேடி அங்கே கிடந்த தார்ப்பாயை விலக்கினேன். அடியில் ஒரு புதுப்பானை இருந்தது. கழுத்தில் மஞ்சள்கொத்து, உள்ளே அரிசி, வெல்லம். அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

தம்பி பின்னால் வந்து நின்றான்.

"யாரு பானைடா இது?"

"அப்பா பானை."

"மறந்துட்டியா?"

"மறப்பேனாக்கா? நீ கடைசில கொண்டாந்து வச்சதப் பாத்தேன். எடுக்கச் சொல்ல மனசு வரல. வந்து இதத் தார்ப்பாயப் போட்டு மூடிட்டேன்." தார்ப்பாயை இழுத்து மறுபடி மூடினான். "ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேற எடம் இல்லக்கா."

அவன் பொய் சொல்லியிருக்கிறான். பெட்டி சுமந்த முதல் வருடம், சாமி முன்னால், எனக்காக. நான் அவனைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தோளைத் தொட்டேன். அவன் உடம்பிலிருந்து அப்பாவின் வியர்வை வாடை வந்தது.

"அடுத்த மாசிக்கு எங்கடா வைக்க?" என்று கேட்டேன்.

அவன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"அடுத்த மாசிக்கு அப்பா பேரு இருக்காதேக்கா" என்றான்.